சட்டையில்லாத எட்டு மீட்டர்

கட்டிங் மாஸ்டர் தன்னைப் பற்றித் தானே அடிக்கும் கேலிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வழுக்கை, அடுத்தது தொப்பை, மூன்றாவது கணக்கு. "எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். அது ஏழா எட்டான்னு எண்ணிச் சொல்லக்கூட எனக்குத் தெரியாது" என்பார். அடுத்தவன் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிட்டால் அவமானத்தில் பாதி குறைந்துவிடும் என்பது அவருடைய கட்சி. மச்சினியின் கல்யாணத்துக்குக் கழுத்தில் அளவு டேப்போடு போய், எல்லாப் புகைப்படத்திலும் மாலை போல அதைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றதை இன்றுவரை அவரே ஆல்பத்தை எடுத்து வைத்துக் காட்டுகிறார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கேலி கிடையாது. அது வெட்டு.

அந்தச் சீருடைத் தையலகத்தின் இரண்டாவது மாடி முழுக்க அவருடைய ராஜ்ஜியம். பதினெட்டு அடி நீள மேசை, அதன் மேல் விரித்த துணி, துணி நகராமல் இருக்க இரும்புக் கட்டிகள், சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கும் அளவு அட்டைகள். கீழ்த்தளத்தில் முப்பது தையல் மெஷின்கள் இரைந்துகொண்டிருக்கும். மருத்துவமனை, விடுதி, காவலாளி, பள்ளி என்று ஊரில் பாதிப் பேர் காலையில் கையை நுழைக்கிற சட்டை, முதலில் இந்த மேசையில்தான் துண்டு துண்டாகப் பிறந்தது. இருபத்து நான்கு வருடமாக மாஸ்டர் சொல்லிவந்த வசனம் ஒன்றுதான்: "என் முதல் வெட்டுதான் கடைசி வெட்டு. ரெண்டாவது தடவை யோசிக்கிறவன் கத்தரியத் தொடக்கூடாது."

இந்த வசனத்தை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. கொஞ்சம் குறைவாகச் சொல்லியிருந்தால் பின்னால் கொஞ்சம் குறைவாக அசடு வழிந்திருக்கலாம்.

வினை ஒரு தாளின் உருவத்தில் வந்தது. புதிதாகச் சேர்ந்த பிளானிங் பெண், கடந்த எட்டு மாத ஆர்டர்களைக் கணினியில் போட்டு ஒரு கோட்டுப் படம் எடுத்திருந்தாள். கீழே படுத்திருந்த கோட்டில் எத்தனை சட்டை என்று எண்கள். இடது பக்கம் நின்றிருந்த கோட்டில் எத்தனை மீட்டர் துணி என்று எண்கள். நடுவில் பதினோரு புள்ளிகள், பதினோரு ஆர்டர். அந்தப் புள்ளிகளைத் தொட்டபடி ஒரு நேர்கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அடியில் தட்டச்சு எழுத்தில் இப்படி இருந்தது: 'சாய்வு, வெட்டுத்துண்டு இரண்டையும் கண்டு விளக்கவும்.' பள்ளியில் படித்த சொல்லையே போட்டிருந்தாள், பாவம். அவள் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை.

முதலாளி மேடம் அந்தத் தாளோடு மாடி ஏறி வந்தார். பழைய முதலாளியின் மகள். எதைக் கண்டாலும் அதை வேறு எதனாலாவது வகுத்துப் பார்க்காமல் விடமாட்டார்.

"மாஸ்டர், நூறு சட்டை ஆர்டருக்கு இருநூத்தி எட்டு மீட்டர் போயிருக்கு. சட்டைக்கு ரெண்டு மீட்டர் சொச்சம். இருபது சட்டை ஆர்டருக்கு நாப்பத்தெட்டு மீட்டர். சட்டைக்குக் கிட்டத்தட்ட ரெண்டரை. அதே துணி, அதே சட்டை, அதே கத்தரி. சின்ன ஆர்டர்னா உங்களுக்குக் கை நடுங்குதா?"

"எனக்கா மேடம்? என் முதல் வெட்டுதான்..."

"கடைசி வெட்டு. தெரியும். எங்க அப்பா காலத்துலேர்ந்து கேட்டுட்டிருக்கேன்." அவர் தாளை மேசையில் வைத்தார். "இப்ப நமக்கு வர்றதெல்லாம் சின்ன ஆர்டர்தான் மாஸ்டர். வெளியில ஒரு இடத்துல கம்ப்யூட்டர் மெஷின்ல வெட்டிக் கொடுக்கிறாங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல இந்தப் படத்த நீங்களே விளக்குங்க. விளக்கம் சரியா இருந்தா மேசை உங்களோடது. இல்லன்னா சின்ன ஆர்டர் எல்லாத்தையும் அங்க அனுப்பிடுவேன். நீங்க கீழ பேக்கிங்க பாத்துக்கலாம்."

பேக்கிங் என்றால் யாரோ வெட்டி யாரோ தைத்த சட்டையை மடித்து உறையில் போடுவது. மாஸ்டருக்குச் சட்டை மடிக்கக்கூட வராது. வீட்டில் அவர் மடித்து வைத்ததை மனைவி பிரித்து மறுபடி மடிப்பாள்.

அவர் கேலி பேசும் ஆள் என்பதால் தையல்காரர்களும் கூச்சப்படவில்லை. "மிஞ்சற துணியில நாலு ஜன்னலுக்குத் திரை போடலாமே மாஸ்டர், வீட்ல எத்தனை ஜன்னல்?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். திருட்டு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. ஆனால் அது சிரிப்புக்கு உள்தையலாக இருந்தது.

மாஸ்டர் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். பள்ளியில் இந்தப் பாடம் நடந்தபோது அவர் கடைசி பெஞ்சில் முன்னால் இருந்தவனின் காலரை அளந்துகொண்டிருந்தார். என்றாலும் இந்தக் கேள்வி அவருக்குக் கஷ்டமாகவே தெரியவில்லை. சாய்வு. வெட்டுத்துண்டு. இரண்டுமே அவருடைய தொழில் சொற்கள் ஆயிற்றே! துணியை இழைக்கு நேராக வெட்டாமல் கோணலாக வெட்டினால் சாய்வு. வெட்டியது போக மேசைக்கடியில் விழுவது வெட்டுத்துண்டு. 'அட, என் கிட்டயே என் தொழிலப் பத்திக் கேக்குறாங்களே' என்று அவருக்குப் பெருமைகூட வந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதை, வாசனை பிடித்துவிட்டதாகவே நினைத்தது.

அடுத்த மூன்று நாள் அவர் செய்த வேலையை வேறு எந்தத் தொழிற்சாலையிலும் யாரும் செய்திருக்கமாட்டார்கள். மேசைக்கடியிலும் படிக்கட்டுக்கு அடியிலும் இருந்த வெட்டுத்துண்டுகளை எல்லாம் பொறுக்கினார். கசங்கியதைத் தேய்த்தார். நிறவாரியாகப் பிரித்தார். கை வளைவில் விழுந்த பிறை, கழுத்தில் விழுந்த வட்டம், ஓரத்தில் விழுந்த நாடா என்று உருவவாரியாகக் கட்டினார். வெள்ளிக்கிழமை காலை மூன்று சாக்குகளோடு மீட்டிங் அறைக்குள் நுழைந்தார்.

"முதல்ல சாய்வு" என்று தொடங்கினார். குரலில் அப்படி ஒரு தெளிவு. "மேடம், என் மேசையில சாய்வே கிடையாது. இருபத்து நாலு வருஷமா நேர் இழைதான். வேணும்னா எந்தச் சட்டையையும் பிரிச்சுப் பாருங்க. சாய்வு பூஜ்யம்."

பிளானிங் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்து வெட்டுத்துண்டு." சாக்குகளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பிறைகளும் வட்டங்களும் நாடாக்களும் மேசையில் குவிந்தன. ஒரு வட்டம் பறந்து போய் மேடத்தின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. "எட்டு மாசத்து வெட்டுத்துண்டு மொத்தமும் இதான். ஒரு துணுக்கு வெளிய போகல."

பிளானிங் பெண் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமினாள். அது இருமல் இல்லை என்பது மாஸ்டருக்கே தெரிந்தது.

"மாஸ்டர்," என்றாள், "நான் கேட்டது இந்த வெட்டுத்துண்டு இல்ல. இந்தக் கோடு, இடது பக்கம் நிக்கிற அச்ச வெட்டுற இடம். கணக்குல அதுக்குப் பேரு வெட்டுத்துண்டு."

"கோடு எப்படிம்மா வெட்டும்? கோட்டுக்குக் கத்தரி ஏது?"

மேடம் கோப்பையிலிருந்து வட்டத்தை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்தார். "திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன் மாஸ்டர். அதுக்கு மேல முடியாது. இப்ப இதெல்லாம் அள்ளுங்க."

ஏழு நிமிடத்தில் கவிழ்த்ததை அள்ள முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மதியத்துக்குள் கீழ்த்தளம் முழுக்கக் கதை பரவிவிட்டது. யாரும் சொல்வதற்கு முன் தானே போய்ச் சொல்லிவிடலாம் என்று மாஸ்டர் படி இறங்கினார். அங்கே ஏற்கெனவே ஒருவர் சாக்கைக் கவிழ்ப்பது போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நன்றாகவே நடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டர் மச்சினி வீட்டுக்குப் போனார். அவள் கணக்கு டீச்சர். அவரைக் கிண்டல் செய்வதற்காகவே தன் அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் ரகம்.

"வாங்க அத்தான், சாக்கு ஏதும் கொண்டாரலையா?"

"உங்க அக்கா அதுக்குள்ள போன் போட்டுட்டாளா?"

"வெள்ளிக்கிழமையே போட்டாச்சு. உக்காருங்க. தாளக் காட்டுங்க."

மாஸ்டர் தாளை விரித்தார். கை பழக்கத்தில் கழுத்து டேப்பை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். "ஏழேகால் இஞ்சு இருக்கு."

"அத்தான், கோட்டுக்குச் சட்டை தைக்கப்போறீங்களா? டேப்பக் கீழ வைங்க. சாய்வுன்னா கோடு எவ்வளவு வேகமா ஏறுதுங்கறது."

மாஸ்டர் தாளைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தார். "இப்ப இன்னும் வேகமா ஏறுதே?"

"நீங்க திருப்பினா ஏறாதா? உங்க தலையத் திருப்பினாலும் ஏறும். தாள நேரா வைங்க." அவள் பென்சிலால் ஒரு புள்ளியைத் தொட்டாள். "இது என்ன?"

"இருபது சட்டை. நாப்பத்தெட்டு மீட்டர்."

"அடுத்து இது?"

"ஐம்பது சட்டை. நூத்தியெட்டு."

"சட்டை எத்தனை கூடியிருக்கு?"

"முப்பது."

"துணி?"

மாஸ்டர் விரல் விட்டார். விரல் போதவில்லை. "அறுபது."

"அப்ப ஒவ்வொரு சட்டை கூடறப்பவும்?"

"ரெண்டு மீட்டர்." மாஸ்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. ரெண்டு மீட்டர் என்பதை அவர் கை இருபத்து நான்கு வருடமாக அறியும். அதை ஒரு தாள் தெரிந்து வைத்திருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"அதான் சாய்வு. வேற எந்த ரெண்டு புள்ளிய எடுத்தாலும் இதேதான் வரும், போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்தார். ஐம்பதுக்கும் நூறுக்கும் இடையிலும் இரண்டுதான். "பாத்தீங்களா? பதினோரு ஆர்டர்ல ஒரு புள்ளிகூடக் கோட்ட விட்டு நகரல. இப்படி ஒரு நேர்கோட்ட நான் பாடப் புத்தகத்துலதான் பாத்திருக்கேன். உங்க கை சுத்தம் அத்தான். சின்ன ஆர்டர்லயும் ரெண்டு, பெரிய ஆர்டர்லயும் ரெண்டு."

மாஸ்டரின் தொப்பை ஒரு அங்குலம் நிமிர்ந்தது. "அப்ப நான் ஜெயிச்சுட்டேன்."

"இருங்க. இன்னும் ஒண்ணு பாக்கி." அவள் ஸ்கேலை வைத்துக் கோட்டை இடது பக்கமாகப் பின்னுக்கு நீட்டத் தொடங்கினாள்.

"ஏய், அங்க ஆர்டரே இல்லையே. வெட்டாத ஆர்டருக்கு எப்படிக் கோடு போடுவ?"

"கோடு எங்கேர்ந்து கிளம்பி வந்துச்சுன்னு பாக்கறேன். வெட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி." பென்சில், இடது பக்கம் நின்றிருந்த அச்சைத் தொட்டது. "இருபது சட்டைக்கு நாப்பத்தெட்டு. அதுல சட்டைக்குப் போனது நாப்பது. மீதி?"

"எட்டு."

"ஐம்பதுல?"

"நூறு போக எட்டு." மாஸ்டரின் குரல் இறங்கியது. "நூறுலயும் எட்டு."

"இதான் வெட்டுத்துண்டு. சட்டை பூஜ்யம், துணி எட்டு மீட்டர். பெரிய ஆர்டர்ல எட்டு மீட்டர் நூறு சட்டைக்குப் பங்கு பிரிஞ்சு மறைஞ்சுடுது. சின்ன ஆர்டர்ல இருபது சட்டைக்குள்ள நின்னுக்கிட்டு முறைக்குது. அதான் உங்க மேடம் வகுக்கறப்ப ரெண்டரை, ரெண்டுன்னு மாறி மாறி வருது." அவள் பென்சிலைக் காதில் சொருகினாள். "சரி அத்தான், ஒரு சட்டைகூட வெட்டாம எட்டு மீட்டர் எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? துணி ஓரம் போயிருக்கும். சுருங்கியிருக்கும்."

"ஓரமும் சுருக்கமும் துணி கூடக் கூடக் கூடும். அது சாய்வுல போய்ச் சேரும். இது ஒவ்வொரு தடவையும் துல்லியமா எட்டு. யாரோ ஒருத்தர் ஆர்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தவறாம ஒரே வேலையச் செய்யறாங்க."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்க்காமல் மடித்தார்.

"யாருன்னு தெரிஞ்சிருச்சு போல" என்றாள் மச்சினி. மேற்கொண்டு கேட்கவில்லை. கிண்டல் செய்பவர்களுக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

தெரியாமல் என்ன? மாஸ்டரான முதல் வருடம். மருத்துவமனை ஆர்டர், எண்பது சட்டை. ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் மங்கலுமான துணி. வலதும் இடதும் ஜோடியாக விழும்படி அடுக்குகளை முகத்துக்கு முகம் வைத்து விரிப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக விரித்து, மேலே அட்டையை வைத்து, மிடுக்காக வெட்டிவிட்டார். நூற்று அறுபது கைகள். அத்தனையும் இடது கை. பழைய முதலாளி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, எண்பது பேருக்கும் ரெண்டு இடது கையா? இந்த மாதிரி ஆளுங்கள எங்கேர்ந்து பிடிச்சிட்டு வரட்டும்?" வேலையை விட்டுத் துரத்தவில்லை. துரத்தியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. இந்தப் பூனைக்கோ அடுப்பங்கரையில்தான் வேலை. ஆகவே அது ஒரு வழி செய்துகொண்டது. ஒவ்வொரு ஆர்டருக்கும், மற்றவர்கள் வருவதற்கு முன் காலையில் சீக்கிரம் வந்து, சிறிது, நடுத்தரம், பெரிது, மிகப் பெரிது என்று நான்கு அளவிலும் ஒவ்வொரு சட்டையை வெட்டி, குண்டூசியால் கோத்து, வலது கை இருக்கிறதா, இடது கை இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி கோத்து... அதற்குள் அந்தத் துணி சாக்பீஸும் ஓட்டையுமாகி எதற்கும் ஆகாமல் போய்விடும். கிழித்து, கீழ்த்தளத்துத் தையல் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவார். நான்கு சட்டை, எட்டு மீட்டர். ஊரிலேயே எண்ணெய் துடைக்கப் புதுச் சீருடைத் துணி வைத்திருந்த ஒரே மெக்கானிக் அவர்தான். அவரும் ஏன் என்று கேட்டதில்லை. கிடைப்பதை யார் கேள்வி கேட்பார்கள்?

முதல் வெட்டுதான் கடைசி வெட்டாம். முதல் வெட்டு கடைசியில் எண்ணெய்க் கறையில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனாவது ஒரு தடவைதான் கொளுத்தினான். இவர் ஆர்டருக்கு ஆர்டர் கொளுத்தியிருக்கிறார்.

திங்கட்கிழமைக்குள் மாஸ்டர் இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். வாயை மூடிக்கொண்டால் திருடன் என்ற சந்தேகத்தோடு மேசையை இழக்கலாம். வாயைத் திறந்தால் பயந்தாங்கொள்ளி என்ற உண்மையோடு மேசையை இழக்கலாம். ஞாயிறு முழுக்க அவருக்கு முதலாவதே மேலாகப் பட்டது. அந்த லட்சணத்தில் இருந்தது அவருடைய மானம்.

திங்கட்கிழமை சாக்கு ஏதும் இல்லாமல் போனார். தாளைச் சுவரில் ஒட்டினார்.

"சாய்வு ரெண்டு. ஒவ்வொரு சட்டை கூடறப்பவும் ரெண்டு மீட்டர் துணி கூடுது. வெட்டுத்துண்டு எட்டு. அதாவது ஒரு சட்டையும் வெட்டறதுக்கு முன்னாடி எட்டு மீட்டர் காலி."

பிளானிங் பெண் இந்தத் தடவை இருமவில்லை. "சரியா சொன்னீங்க மாஸ்டர்."

"அந்த எட்டு மீட்டர் எங்க போகுது?" என்றார் மேடம்.

மாஸ்டர் முதலில் ஒரு கேலியோடு தொடங்கப் பார்த்தார். வழுக்கையும் தொப்பையும் உதவிக்கு வரவில்லை. நேராகச் சொன்னார். எண்பது சட்டையின் இடது கைகளை, விடியலில் வெட்டும் நான்கு சட்டைகளை, மெக்கானிக்கை, எல்லாவற்றையும். "உங்க அப்பா என்ன மன்னிச்சுட்டார் மேடம். நான்தான் இன்னும் மன்னிக்கல. அது ஆர்டருக்கு எட்டு மீட்டர் சாப்பிடுது."

மேடம் சிரிக்கவில்லை. மாஸ்டருக்கு அதுதான் சிரமமாக இருந்தது. சிரித்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.

"மெஷின்ல வெட்டினா இந்த எட்டு இருக்காது, இல்ல?" என்று மேடம் பிளானிங் பெண்ணைப் பார்த்தார்.

"எட்டு இருக்காது மேடம். ஆனா அவங்க அனுப்பின கணக்கையும் இதே மாதிரி போட்டுப் பாத்தேன். அவங்க சாய்வு ரெண்டேகால். இருபது சட்டைக்கு நாப்பத்தஞ்சு மீட்டர் எடுப்பாங்க. மாஸ்டர் இந்த வெட்டுத்துண்ட இறக்கிட்டா நாப்பதுதான்."

"இறக்க முடியுமா மாஸ்டர்?"

இருபத்து நான்கு வருடத்தில் மாஸ்டர் 'முடியும்' என்று யோசிக்காமல் சொல்லாத முதல் கேள்வி இது. "புதன்கிழமை பதினஞ்சு சட்டை இருக்கு, கிளினிக் ஆர்டர்" என்றார். "முடிச்சுட்டுச் சொல்றேன்."

புதன்கிழமை எல்லாரும் வேலைக்கு வந்த பிறகே துணியை விரித்தார். முகத்துக்கு முகம். அட்டையை வைத்தார். எடுத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி வைத்தார். கத்தரி துணியைத் தொட்டதோடு நின்றுவிட்டது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, தனியாக இரண்டு மீட்டர் எடுத்து, நடுத்தர அளவில் ஒரே ஒரு சட்டையை எல்லார் கண் முன்னாலும் வெட்டினார். கோத்தார். வலது கை ஒன்று, இடது கை ஒன்று. தையல்காரர்களில் ஒருவர் கைதட்டினார். கேலியாகத்தான். மாஸ்டர் தலைகுனிந்து வணங்கினார். பிறகு பதினைந்து சட்டையையும் ஒரே மூச்சில் வெட்டி முடித்தார்.

மாலையில் பிளானிங் பெண் புதிய புள்ளியை வைத்தாள். பதினைந்துக்கு நேரே முப்பத்திரண்டு. பழைய கோட்டின்படி போயிருந்தால் முப்பத்தெட்டில் நின்றிருக்கும். புள்ளி அதற்குக் கீழே தனியாக இருந்தது.

மேடம் அதைப் பார்த்தார். "முப்பதுதானே வரணும்? இன்னும் ரெண்டு மீட்டர் இருக்கே."

"இருக்கு மேடம்."

"இது எதுக்கு?"

"பயத்துக்கு. எட்டுலேர்ந்து ரெண்டுக்கு வந்திருக்கு. பூஜ்யத்துக்கு வரும்னு பொய் சொல்ல மாட்டேன். நான் இருக்கற வரைக்கும் அந்த ரெண்டு இருக்கும்."

மேடம் மனதுக்குள் எதையோ எதனாலோ வகுத்தார். மெஷின்காரர்களின் சாய்வில் பதினைந்து சட்டைக்கு முப்பத்து மூன்றே முக்கால். மாஸ்டர் பயத்தையும் சேர்த்து முப்பத்திரண்டு.

"சரி" என்றார். "ஆர்டர் ஃபார்ம்ல ஒரு வரி சேத்துடும்மா. மாதிரிச் சட்டை ஒண்ணு, ரெண்டு மீட்டர். இனிமே இத விடிகாலைல ஒளிஞ்சு வெட்ட வேண்டாம் மாஸ்டர். பத்து மணிக்கு வெட்டுங்க, எழுதிட்டே வெட்டுங்க."

"சின்ன ஆர்டர்?"

"மேல அனுப்பறேன்."

மாஸ்டர் படியேறும்போது மெக்கானிக் எதிரே வந்தார். முகம் வாடியிருந்தது. "என்ன மாஸ்டர், இனிமே எண்ணெய் துடைக்க ஒரு சட்டைதானாமே?"

"என்னோட தைரியத்துக்கு நீங்களும் கொஞ்சம் விலை கொடுங்களேன்" என்றார் மாஸ்டர். மேலே போய் அடுத்த ஆர்டரின் துணியை விரித்தார்.